பழுது பார்க்கும் உரிமை காபிக் கடைக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் காபிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை ஒன்றையும், அதன் முகப்பிலேயே நின்றபடி குடிக்கும் காபிக் கவுண்டரையும் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான், என் மனைவி, என் தங்கை மகன், கவுண்டரில் நிற்கும் இருவர் என ஐந்து பேருக்கு இந்தக் கடைதான் சோறு போடுகிறது. இயந்திரங்கள் என்று பார்த்தால் ஒரு வறுக்கும் டிரம், இரண்டு அரைவை இயந்திரங்கள், ஒரு பித்தளை பாய்லர், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கடன் வாங்கிப் போட்ட ஓர் எஸ்பிரசோ இயந்திரம், அவ்வளவே. இவற்றில் ஏதேனும் ஒன்று நின்றுவிட்டால் அதைச் சரிசெய்ய எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி இருக்கிறது, அந்த வழியை அரசு பெரிய செலவு ஏதுமின்றி எவ்வாறு அகலமாக்கலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை ஏழு மணிக் கூட்டத்தின் நடுவில், எங்கள் எஸ்பிரசோ இயந்திரம் சூடாவதை நிறுத்திக்கொண்டது. விளக்குகள் எரிந்தன, பம்ப் ஓடியது, தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே வந்தது. விற்ற நிறுவனத்தை அழைத்தபோது, நான்கு நாள் கழித்துத்தான் ஆள் வருவார் என்றும், வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் உண்டு என்றும் சொன்னார்கள். வந்தவர் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்ற 18,500 ரூபாய் ஆகும், போர்டு வர பத்து நாள் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை. போர்டை மாற்றுவதற்குத்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

என் தங்கை மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். அன்றிரவு கடையைச் சாத்திய பிறகு, பிளக்கைப் பிடுங்கி, பாய்லர் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, மேல்தகட்டைக் கழற்றினான். ஒரு திருகின் மீது ‘இதைப் பிரித்தால் வாரண்டி செல்லாது’ என்று ஒட்டியிருந்தது. வாரண்டி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பாய்லரின் தலையில், வெண்மை படர்ந்த செப்புத் தகட்டின் மீது, ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு காப்புத் தெர்மோஸ்டாட்டும், அதன் நடுவில் பருப்பளவு சிவப்புப் பொத்தானும் இருந்தன. அதை அமுக்கியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பழுது அவ்வளவுதானா என்று நான் மகிழ்ந்தபோது, “மாமா, அமுக்கிட்டு அப்படியே விட்டுடக் கூடாது. இது ஏன் விழுந்துச்சுன்னு பாக்கணும்” என்றான். பார்த்தபோது, அழுத்தத்தை உணரும் பிரஷர்ஸ்டாட்டுக்குச் செல்லும் மெல்லிய குழாய், உப்புப் படிந்து குச்சி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. அழுத்தம் ஏறியது பிரஷர்ஸ்டாட்டுக்குத் தெரியாமல் போனதால் ஹீட்டர் அணையாமல் எரிந்திருக்கிறது; பாய்லர் அளவுக்கு மீறிச் சூடானதும் தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்து மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்து, புதிய பிரஷர்ஸ்டாட் ஒன்றை மாட்டியதோடு வேலை முடிந்தது. ‘போய்விட்டது’ என்று சொல்லப்பட்ட அதே போர்டில்தான் இன்றுவரை அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பழுதின் வேர் தண்ணீரில் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் நாட்களில் பாய்லரில் படிவு சேர்வதே தெரியாது. விநியோகம் தள்ளிப்போய், லாரித் தண்ணீரையோ ஆழ்குழாய்த் தண்ணீரையோ நம்ப வேண்டிய கோடை மாதங்களில், முட்டை ஓடு போன்ற வெள்ளைப் படிவு ஹீட்டரைச் சுற்றிக் கட்டிவிடுகிறது. படிவின் உள்ளே அகப்பட்ட ஹீட்டர் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து கருகுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் வரை சிட்ரிக் அமிலத்தை, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பதைத்தான் சொல்கிறேன், கரைத்து ஊற்றி, படிவு இளகியதும் வடித்துவிட்டு, மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் ஹீட்டர் பிழைத்துக்கொள்ளும். உண்மையிலேயே ஹீட்டர் போய்விட்டதா என்பதையும் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மின் இணைப்பைத் துண்டித்து, ஹீட்டரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 230 வோல்ட்டில் இயங்கும் 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் அது அறுந்துவிட்டது என்று பொருள். இவ்வளவு எளிய கணக்கைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்தால், எந்தப் பாகத்திற்குப் பணம் கேட்கிறார்கள் என்பதையாவது எதிர்க் கேள்வி கேட்டுப் புரிந்துகொள்ளலாம்.

அரைவை இயந்திரத்தின் கதை இன்னும் தெளிவானது. காலையில் சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்பதை இத்தொழிலில் உள்ள எவரும் ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரில் பத்துக்கு ஏழு முறை அது கெபாசிட்டரின் கோளாறாகவே இருப்பது என் அனுபவம். உடனே அணைத்துவிட்டு, கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அளவுள்ள இன்னொன்றைப் போட்டால் முந்நூறு ரூபாய்க்குள் வேலை முடிகிறது. இது தெரியாமல் மோட்டாரையே கழற்றி, அதன் செப்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டக் கொடுத்து, மூவாயிரமும் இரண்டு நாள் வியாபாரமும் இழந்தவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. முதல் முறை நானும் அப்படித்தான் இழந்தேன்.

அரைக்கும் தட்டுகள் தேய்ந்துவிட்டதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், டிகாக்‌ஷன் சொல்லிவிடும். தேய்ந்த தட்டு கொட்டையை வெட்டாமல் நசுக்குவதால், ஒரே பொடியில் மாவும் குருணையும் கலந்து வருகிறது. மாவு பில்டரின் துளைகளை அடைத்துக்கொள்ள, குருணை தன் சாரத்தை விடாமல் மேலே கிடக்க, வாடிக்கையாளர் மறுநாள் வந்து, “கொட்டையை மாத்திட்டீங்களா?” என்று கேட்கிறார். பொடி கையில் வழக்கத்தைவிடச் சூடாக விழுவதும் இதே நோயின் அறிகுறிதான். பிளாண்டேஷன் ஏ, பீபெரி ஆகிய கொட்டை வகைகள், சிக்கரி என்று விகிதத்தைக் கிராம் கணக்கில் பார்க்கும் நாங்கள், தட்டை மாற்றிய தேதியைக் குறித்து வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துக் குறையாகும்.

இந்த இடத்தில் ஒரு பேரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் புதிய அரைவை இயந்திரத்தில் இரைச்சல் அதிகமானபோது, நிறுவனம் அனுப்பிய உதிரிப்பாகப் பட்டியலில் அந்தப் பேரிங்குக்கு எட்டு இலக்கத்தில் ஓர் எண்ணும், அதற்கேற்ற விலையும் இருந்தன. பழைய பேரிங்கை வெளியே எடுத்து, கிரீஸைத் துணியால் துடைத்துப் பார்த்தால், அதன் விளிம்பில் 6204 இசட் இசட் என்று பொறிக்கப்பட்டிருந்தது. 6204 என்பது உலகம் முழுவதும் ஒரே அளவு: உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். பட்டியலில் இருந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தரமான பேரிங்கை அன்றே வாங்கி மாட்டினோம். பொதுச் சந்தையில் ஒரு பெயரோடு புழங்கும் பொருளுக்கு வேறொரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயரைத் தன்னிடம் மட்டுமே கிடைக்கும்படி வைத்துக்கொள்வதைத் தொழில்நுட்பம் என்று எப்படி அழைப்பது? பெல்ட்டும் அப்படியே. ஏ-42 என்றால் ஏ வகைப் பெல்ட், உட்சுற்று 42 அங்குலம் என்பது எந்த ஹார்டுவேர் கடைப் பையனுக்கும் தெரியும்.

இதை எழுதுவது கோயம்புத்தூரிலிருந்து என்பதால் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் வெட் கிரைண்டர் கெட்டுவிட்டால் எந்த ஓட்டல்காரரும் பதறுவதில்லை. நகரின் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் பெல்ட், பேரிங், மோட்டார், கல் என எல்லாம் தனித்தனியே கிடைக்கின்றன, கழற்றி மாட்டவும் ஆள் இருக்கிறார். 1937ஆம் ஆண்டு ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. அந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஓர் ஓட்டலில் சர்வராக வேலை செய்து சேர்த்த பணத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மீண்டும் கோத்துக் கற்றுக்கொண்டார் என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே ஊரின் ஓட்டல்களில் இன்று ஸ்டிக்கரைக் கிழிக்கப் பயந்து நான்கு நாள் இயந்திரத்தை மூடி வைத்திருக்கிறோம்.

எஸ்பிரசோ இயந்திரம் நுட்பமானது, வெளிநாட்டுச் சரக்கு, அதை வெட் கிரைண்டரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இத்தாலியில் ஃபேமா நிறுவனம் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ஈ61 என்ற இயந்திரத்தின் காபி இறங்கும் தலைப்பகுதியை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பல நிறுவனங்கள் அதே வடிவில் செய்து வருகின்றன. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் ரப்பர் கேஸ்கட் கெட்டால் மற்றொரு நிறுவனத்துக்காகச் செய்த கேஸ்கட்டை அதில் போட முடிகிறது. 9 பார் அழுத்தத்தில் காபி இறக்கும் இயந்திரத்துக்கே இது சாத்தியம் என்றால், பாகங்களைப் பூட்டி வைப்பதற்கு நுட்பத்தைக் காரணமாகக் காட்டுவது எடுபடாது.

என் தவறுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைப்பகுதியின் கேஸ்கட் ஒருமுறை கசியத் தொடங்கியபோது, சிக்கனம் என்று எண்ணி, லாரி டியூப்பை வட்டமாக வெட்டிப் பொருத்தினேன். கசிவு நின்றது. மறுநாள் காலை, பதினைந்து ஆண்டு வாடிக்கையாளரான பெரியவர் ஒருவர் முதல் வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, “ஏனுங்க, காப்பியில டியூப் வாசம் அடிக்குதுங்களே” என்றார். உணவு படும் இடத்தில் உணவுக்கு ஏற்ற ரப்பரையும் உணவுக்கு ஏற்ற கிரீஸையும் தவிர வேறெதுவும் கூடாது என்பதை அன்றைய வியாபாரத்தையே கொட்டிவிட்டுக் கற்றுக்கொண்டேன். இன்னொரு முறை பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்கி, ஒரே மாதத்தில் நல்ல பேரிங்கைக் கெடுத்தேன்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம் என்று நான் வாதிடவில்லை. பாய்லரின் சேஃப்டி வால்வைத் திறந்து ஸ்பிரிங்கைச் சரிசெய்வது, கசிகிறது என்று அதன் வாயை அடைப்பது, எரிவாயு ரெகுலேட்டரையும் பர்னரையும் நோண்டுவது, எர்த் இல்லாத பிளக்கில் இயந்திரத்தை ஓட்டுவது ஆகியவை உயிரோடு விளையாடுவதாகும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பாய்லர்கள் கொதிகலன் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. எனவே எங்கள் கவுண்டரில் இருக்கும் பாய்லரை எந்த ஆய்வாளரும் வந்து சோதிக்கப் போவதில்லை. கல்யாண மண்டபங்களில் கேஸ் அடுப்பின் மீது ஏற்றி வைத்து நுரை பொங்கக் காபி கொடுக்கும் அந்த உருளைகளைக் காணும்போதெல்லாம் நான் இரண்டு அடி தள்ளியே நிற்பது வழக்கம். சேஃப்டி வால்வு கெட்டால் புதியதை வாங்கித் தெரிந்தவரைக் கொண்டு மாட்ட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுக் காப்பு சுவிட்ச் இல்லாத கடையில் யாரும் இயந்திரத்தின் மூடியைத் திறக்கக் கூடாது. வறுக்கும் டிரம்மின் புகைக்குழாயைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. கொட்டையிலிருந்து உதிரும் மெல்லிய தோல் அதில் சேர்ந்து தீப்பிடிக்கக் கூடியது என்பதால், அதை யாருக்காகவும் காத்திராமல் வாரந்தோறும் நாமே கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருகிறேன். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் எடுத்துக்கொள்ளப்பட்டன. வீட்டு மிக்ஸி இதில் அடங்கும். அதே மிக்ஸியின் அண்ணன் போல என் கடையில் நிற்கும் அரைவை இயந்திரத்துக்கு இடம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்த விஷயத்தில் எங்கள் மீது சற்றுக் கரிசனம் காட்டியிருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சொல்லும் அச்சட்டம், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் விளக்கம் தருகிறது. இந்த விளக்கம் தங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலான சிறு கடைக்காரர்கள் அறியாமலேயே, விற்றவர் சொன்னதே சட்டம் என்று திரும்பி வந்துவிடுகிறார்கள்.

எனது கோரிக்கை சிறியது. பிரதமரின் குறு உணவு நிறுவனங்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 2020ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து, உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் வழங்கி வந்திருக்கிறது. காபி வாரியமும் வறுக்கும், அரைக்கும் இயந்திரங்களுக்கு மானியம் தரும் திட்டங்களை நடத்தியிருக்கிறது. ஆக, இந்த இயந்திரங்களின் விலையில் ஒரு பகுதி மக்கள் வரிப்பணத்திலிருந்து செல்கிறது. அந்தப் பணத்தைப் பெறும் விற்பனையாளர், இயந்திரத்தோடு அதன் மின்சுற்று வரைபடத்தையும், தேயும் பாகங்கள் ஒவ்வொன்றின் பொதுச்சந்தை எண்ணோடு கூடிய பட்டியலையும் தமிழில் கொடுத்தாக வேண்டும் என்று மானிய விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். புதிய சட்டமோ புதிய அலுவலகமோ இதற்குத் தேவைப்படாது. வங்கியில் கொட்டேஷன் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்கள் கிடைக்கும் என்ற உறுதிமொழியையும் எழுத்தில் வாங்கலாம்.

இதனால் சர்வீஸ் நிறுவனங்களின் பிழைப்பு கெட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. கெபாசிட்டர் மாற்ற நாற்பது கிலோமீட்டர் வண்டியோட்டி வரும் டெக்னீஷியனுக்கும் அதில் பெரிய லாபம் கிடைப்பதாகத் தெரியவில்லை. போர்டு, பம்ப் போன்ற கடினமான வேலைகளுக்கு அவரைத்தான் அழைப்போம். ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்தையும் நான் இன்றுவரை விடவில்லை.

மாநில அரசைப் பொறுத்தவரை, அரசு ஐ.டி.ஐ.களில் பட்டறைகள் காலியாக இருக்கும் மாலை நேரத்தில், உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்காக இருபது மணி நேரப் பயிற்சி ஒன்றை நடத்தலாம். மல்டிமீட்டர் பிடிப்பது, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்குவது, பேரிங்கைச் சுத்தியால் அடிக்காமல் புல்லர் என்ற இழுகருவியை வைத்துக் கழற்றுவது, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்பது ஆகியவற்றுக்கு அந்த நேரம் தாராளம். கவுண்டரில் நிற்கும் பெண்களும் இதில் சேரும்படி நேரத்தை அமைக்க வேண்டும். எங்கள் கடையில் தெர்மோஸ்டாட் இப்போது விழுந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் என் மனைவிதான்.

எங்கள் அரைவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெல்ட், எந்தப் பேரிங், எத்தனை மைக்ரோ ஃபாரட், கேஸ்கட்டின் அளவு என்ன, தட்டு மாற்றிய நாள் எது, எந்தக் கடையில் என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. காபித் தூள் அப்பிய பக்கங்கள் என்றாலும் எழுத்து தெளிவாகவே தெரியும். நிறுவனங்கள் தங்கள் பட்டியலைத் தரும் நாள் வரை, நம் ஊர்க் கடைக்காரர்கள் எவர் வந்து கேட்டாலும் அதைப் படியெடுத்துக்கொள்ளத் தருகிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும்.

இப்படிக்கு,
காபிப்பொடிக் கடை உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.